பதினொரு ஸ்பூன்களும் ஏழு கடிகாரங்களும்

நெஸ்தோரி குவோப்பலாவிடம் இருந்த ஒரே குறை, அவருக்குத் தோற்கத் தெரியாது என்பது. மற்றபடி தங்கமான மனிதர். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, வருஷத்துக்கு நானூறு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. மர ஆலையில் இரண்டு ஆள் தூக்கும் கட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார். அதைப் பற்றியும் பேசமாட்டார். குஸ்தியில், எழுபத்தொன்பது கிலோப் பிரிவில், அவருடைய தோள்களைத் தரையில் பதிக்க பின்லாந்து முழுக்க ஆள் இல்லை என்று ஆகி ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆறு வருஷமும் என் அக்கா சாய்மா கல்யாணம் ஆகாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

எல்லாம் என் அம்மாவின் சட்டத்தால் வந்த வினை. அம்மா பெயர் பிரெத்ரீகா. பெரனேவா ஊரில் லௌக்கோ பண்ணையின் எஜமானி. அப்பா உயிரோடு இருந்தவரை அது அப்பாவின் பண்ணை என்று சொல்வார்கள். அப்பாகூட அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அம்மாவின் கல்யாணத்தன்று காபி மேஜையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஸ்பூன் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவது ஆள் பாதிரியார். அவர் பெருந்தன்மையோடு வெண்ணெய்க் கத்தியின் காம்பால் காபியைக் கலக்கிக் குடித்துவிட்டு, ஆசீர்வாதமும் செய்துவிட்டுப் போனார். முப்பத்துமூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் ஜார் மன்னர் போனார், நாடு விடுதலை அடைந்தது, பால் பண்ணைக்கு மின்சாரம் வந்தது. எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது என்னவோ கத்திக் காம்புதான்.

ஆகவே இருபது வயது நெஸ்தோரி ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று, பனியைப் பற்றி முக்கால் மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு, கடைசியில் சாய்மாவின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது, அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சாய்மா போற வீட்ல பன்னெண்டு வெள்ளி ஸ்பூன் இருக்கணும். பன்னெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். கடையில வாங்கினதா இருக்கக்கூடாது, காசிருந்தா யாரு வேணாலும் வாங்கலாம். சேந்தப்புறம் வா, பேசலாம்" என்றாள்.

நெஸ்தோரியிடம் அப்போது இருந்தது ஒரு தகர ஸ்பூன். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். எங்கள் ஊரில் அது பத்திரப் பதிவுக்குச் சமம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் தடவையாகக் குஸ்திக்கு இறங்கினார். எங்கள் மாவட்டத்தில் எந்தப் போட்டியிலும் இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் வெள்ளி ஸ்பூன்தான். எல்லாச் சங்கத்துக்கும் ஒரே தட்டான், ஒரே அச்சு. காம்பில் ஒரு பார்லிக் கதிர். முதல் பரிசு மட்டும் நடத்துகிறவர்களின் கௌரவத்தைப் பொறுத்தது. நெஸ்தோரிக்கு முதல் பரிசு தேவைப்படவில்லை. ஐந்து வருஷத்தில் பதினொரு ஸ்பூன் சேர்த்தார். நாலாவது ஸ்பூனுக்கு ஒரு பல் போயிற்று. ஏழாவதுக்கு இடது காது முட்டைக்கோஸ் மாதிரி ஆனது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டுவார். அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ம்" என்பாள்.

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு குளிர்காலம் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆலையின் வண்டி உடைந்துபோனதால், நெஸ்தோரி மரக்கட்டைகளை நெஞ்சோடு அணைத்து, முதுகை வில்லாக வளைத்து, தலைக்குப் பின்னால் இருந்த மேட்டுக்கு எறிந்துகொண்டிருந்தார். நாலு மாதம். வசந்தத்தில் போட்டிக்குப் போனபோது, எதிரில் நின்ற மனிதரும் ஏறக்குறைய அதே பருமன்தான் என்பதை அவருடைய கைகள் கவனித்துவிட்டன. நாற்பது விநாடி. அந்த ஆளை விரிப்பிலிருந்து எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நெஸ்தோரிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேடையில் நின்று அதைப் பார்த்த பார்வையைப் பத்திரிகைக்காரர் 'ஆனந்தத்தில் உறைந்த வீரர்' என்று எழுதினார்.

அதற்கப்புறம் அவர் தோற்கவே இல்லை. ஹெல்சின்கியில் தேசிய வெற்றியாளர், ஆறு தடவை. ஸ்டாக்ஹோமில் ஒரு மேஜை விளக்கு ஜெயித்தார். அவர் குடிசைக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. ஹங்கேரி போய் ஐரோப்பாவையே ஜெயித்து, ஆள் இல்லாத ஒரு வெண்கலக் குதிரையோடு திரும்பினார். ரயிலடியில் ஊரே கூடி, "எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "மெத்தை கொஞ்சம் கெட்டி" என்றார். இந்த வகையில் ஒன்பது கோப்பைகள், ஒரு குதிரை, ஒரு விளக்கு, ஏழு சுவர்க் கடிகாரங்கள். எந்த இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் அடிக்காது. அவர் வீட்டில் பன்னிரண்டு மணி அடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும்.

ஸ்பூன் மட்டும் பதினொன்றிலேயே நின்றது.

அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். 'முதல் பரிசுக்குப் பதிலாக எனக்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள்' என்று ஒரு வாக்கியம். பெரனேவாவில் பிறக்காதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். எங்கள் ஊரில் யாரும் எதையும் கேட்பதில்லை. ஏணி இரவல் வேண்டுமென்றால், போய் ஏணிக்குப் பக்கத்தில் நின்று அறுவடையைப் பற்றிப் பேசவேண்டும். ஏணிக்காரர் தானாக "எடுத்துட்டுப் போங்க" என்பார். "வேண்டாம்" என்று இரண்டு தடவை சொல்லவேண்டும். மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டு போகலாம். காபிக்கும் இதே விதி. கேட்டு வாங்குகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் வரி வசூலிப்பவன்.

எனக்கு இருபத்துமூன்று வயதாகியிருந்த வருஷத்தில் விஷயம் முற்றியது. நான் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தால் எங்கள் குஸ்திச் சங்கத்துக்கு நேரம் பார்ப்பதும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. ஆகஸ்டில் சந்தெலின் என்கிற பால் பரிசோதகர் எங்கள் பண்ணைக்கு வந்தார். மெல்லிய மீசை, சைக்கிள், சுத்தமான நகங்கள். மூன்றாவது கோப்பைக் காபியின்போது, பேச்சுவாக்கில், தன் பாட்டனார் சொத்தாக இருபத்துநாலு வெள்ளி ஸ்பூன் இருப்பதாகச் சொன்னார். அம்மா அவருக்கு ஒரு முழுப் பாலாடைக்கட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மத்தியானம் அம்மா அறிவித்தாள்: "மிக்கேல் திருநாள் வரைக்கும் பாப்பேன்." செப்டம்பர் கடைசியில் வரும் திருநாள் அது.

"பாத்துட்டு?" என்றாள் சாய்மா.

"பாத்துட்டு அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பதில் சொல்லணும்."

"அவ்ளோ பிடிச்சிருந்தா நீயே கட்டிக்கோயேம்மா."

"எனக்கு மீசை ஆகாது."

சாய்மா வைக்கோல் வாரும் கவையைச் சுவரில் சாய்த்தாள். "கேட்டுக்கோ. இன்ஸ்பெக்டரை நான் கட்டமாட்டேன். மிக்கேல் திருநாளுக்குள்ள பன்னெண்டாவது ஸ்பூன் வரலன்னா கனடாவுக்குக் கப்பல் ஏறிடுவேன். சித்தி மூணு வருஷமா கூப்பிடறா. சீட்டுக்கு எழுதிப் போட்டாச்சு."

எழுதித்தான் போட்டிருந்தாள். தபால் ஆபீசில் ஸ்டாம்பு ஒட்டியதை நானே பார்த்தேன். அவள் தொழுவத்துக்குப் போக, நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நீயாவது பதினொண்ணு போதும்னு சொல்லக்கூடாதா?"

"போதாதே. ஊர் முன்னாடி ஆகட்டும்னு சொன்னான்ல? நானும் அதைக் கேட்டுட்டுத்தானே இத்தனை வருஷம் இருந்தேன்? ஒண்ணு குறைச்சுக்கோன்னா, அப்ப இத்தனை வருஷம் நான் என்ன முட்டாளா?"

"அதுக்கு அவர் தோக்கணுமேக்கா."

"கத்துக்கட்டும்" என்றாள் சாய்மா. கண் கலங்கியிருந்தது. பசுவின் வால் பட்டுவிட்டது என்று சொன்னாள். பசு அந்தப் பக்கம் இருந்தது.

மிக்கேல் திருநாளுக்கு முன்னால் பாக்கியிருந்தது ஒரே போட்டி, எங்கள் ஊர் அறுவடைக் குஸ்தி. சங்கத் தலைவர் ஈசாக்கி துர்யா, பால் பண்ணை மேலாளர், பரிசைக் காட்ட என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். போர்வையை விலக்கினார். ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக் கடிகாரம்.

"எப்படி?" என்றார். "ஐரோப்பாவை ஜெயிச்சவனுக்குச் சின்னதா குடுத்தா பக்கத்து கோஸ்கி ஊர்க்காரன் சிரிப்பானா இல்லையா?"

"இரண்டாம் பரிசு?"

"ஸ்பூன்தான். இதுக்கே எல்லாம் செலவாயிடுச்சு, மூணாம் பரிசு கிடையாது."

நான் நெஸ்தோரியின் குடிசைக்கு ஓடினேன். அவர் உருளைக்கிழங்கும் உப்பு மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கெடுவையும் கனடாவையும் சொன்னேன். அவர் ஒரு உருளைக்கிழங்கைத் தோலோடு விழுங்கினார்.

"மச்சான், ஃபைனல்ல நீங்க தோத்தே ஆகணும்."

"ம்."

"யால்மரியோடதான் ஃபைனல் வரும்."

"எப்பவும் அவன்தான்."

யால்மரி ஹக்கொலா கோஸ்கி ஊர்க்காரர். ஆறு வருஷமாக மாவட்டத்தின் ஒவ்வொரு ஃபைனலிலும் நெஸ்தோரியிடம் தோற்றவர். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து வியர்ப்பார்கள். அந்த ஆறு வருஷத்தில் இருவரும் அங்கே பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். ஸ்டாம்புக்கும் இடம் இருக்கும்.

"வேணும்னே விழுந்தா அது பொய் இல்லையா, மாப்ள?" என்றார் நெஸ்தோரி.

"வாயால சொன்னாத்தானே மச்சான் பொய்? நீங்க எங்க பேசப்போறீங்க?"

பல்கலைக்கழகப் படிப்பு வீண்போகவில்லை. அவர் யோசித்துத் தலையாட்டினார்.

எங்கள் வைக்கோல் கொட்டிலில் ஒரு வாரம் தோற்கப் பழகினோம். நான் ஐம்பத்தெட்டு கிலோ. அவர் கைகளைத் தொங்கப்போட்டு நிற்பார், நான் கட்டிப்பிடித்துத் தள்ளுவேன். அவர் விழ ஆசைப்படுவது முகத்திலேயே தெரியும். ஆனால் பாதி விழும்போது அந்த உடம்புக்கு என்னவோ ஞாபகம் வந்துவிடும். நான் கூரையின் உத்தரத்தை அருகில் பார்ப்பேன், பிறகு வைக்கோலுக்குள் இருப்பேன்.

"மன்னிச்சுடு மாப்ள. நான் இல்ல அது."

"யாரு பின்ன?"

"முதுகு."

ஏழாம் நாள் ஒரு தடவை சரியாக விழுந்தார். நான் அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்து கூவினேன். கொட்டில் வாசலில் சாய்மா நின்றுகொண்டிருந்தாள். "சிரிக்காம விழச் சொல்லு அவனை" என்று சொல்லிவிட்டுப் பால் வாளியோடு போனாள்.

போட்டியன்று இளைஞர் சங்கக் கூடத்தில் ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள். வாழ்நாளில் குஸ்தி பார்க்காத அம்மா, தேவாலயத்துக்குப் போடும் கறுப்புத் தொப்பியோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் சாய்மா, கை இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு. நடுவர் வெளியூர், சட்டப் புத்தகத்தை மார்போடு வைத்திருந்த ஒல்லி மனிதர். நான் விரிப்பின் ஓரத்தில் கடிகாரமும் மணியுமாக.

ஃபைனல் வரைக்கும் ஜெயித்தாகவேண்டும் என்பதால் நெஸ்தோரி அதைப் பழக்கமான முறையில் செய்தார். அரையிறுதியில் கொல்லன் ஆர்வியை ஒரு நிமிஷத்துக்குள் வானத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கினார்.

பிறகு யால்மரி வந்தார். செம்பட்டைத் தலை, அகலமான முதுகு, தோற்றுத் தோற்றுப் பழகிய அமைதி. கை குலுக்கினார்கள். எங்கள் குஸ்தியில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது. இரண்டு தோளும் சேர்ந்து தரையில் பட்டால் முடிந்தது. இருபது நிமிஷம். மணியடித்தேன்.

யால்மரி பாய்ந்து கட்டிப் பிடித்தார். நெஸ்தோரி மரம்போல நின்று இடம் கொடுத்தார். யால்மரி தூக்கினார். கூட்டம் மூச்சை நிறுத்தியது. நெஸ்தோரி அழகாக, வெண்ணெய்க் கட்டி மாதிரி சாய்ந்துகொண்டே போனார். பாதி வழியில் அந்த முதுகு விழித்துக்கொண்டது. ஒரு சுழற்சி. கண் சிமிட்டும் நேரத்தில் யால்மரி கீழே, நெஸ்தோரி மேலே. யால்மரியின் ஒரு தோள் தரையில், இன்னொன்றுக்கு இரண்டு விரல் இடைவெளி.

நெஸ்தோரியின் முகம் வெளுத்தது. அவசரமாக யால்மரியைத் தூக்கி நிறுத்தி, தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

ஜன்னல் விளிம்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னய்யா பண்ற?" என்றார் யால்மரி தணிந்த குரலில். நான் மூன்றடியில் இருந்ததால் கேட்டது.

"ஒண்ணுமில்ல. நீ பண்ணு."

மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை நெஸ்தோரி எச்சரிக்கையாக இருந்தார். தூக்கிவிட்டால் முதுகு விழிக்கும் என்பதால், யால்மரி தொட்டதுமே தானே முழங்கால் மடக்கி, பக்கவாட்டில் படுத்து, ஒரு தோளை ஒழுங்காகத் தரையில் வைத்து, இன்னொரு தோளைக் கொஞ்சம் தூக்கி வைத்துக் காத்திருந்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும். யால்மரி அந்தத் தோளைப் பார்த்தார். அவருடைய கழுத்தில் ஒரு சிவப்பு தொடங்கி, காதுவரை ஏறியது.

"சும்மா குடுக்கறியா எனக்கு?"

"எடுத்துக்க."

"வேண்டாம்."

"எடுத்துக்கய்யா."

"ஹக்கொலா குடும்பம் யாருகிட்டயும் சும்மா வாங்கினதில்ல" என்றார் யால்மரி. எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நெஸ்தோரி எழுந்தார். நெருங்கிப் போய் முதுகைக் காட்டினார். யால்மரி பின்வாங்கித் தன் முதுகைக் காட்டினார். எட்டாவது நிமிஷத்தில் இருவரும், முதுகோடு முதுகு ஒட்டி, விரிப்பில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நெஸ்தோரி, தூக்கம் வருதா? தலகாணி கொண்டாரவா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"நிச்சயதார்த்தம் எப்போடா?"

நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பேரையும் எச்சரித்தார். சட்டப்படி நெஸ்தோரியைக் கையும் காலும் ஊன்றி மண்டிபோடச் சொல்லி, யால்மரியை மேலே போகச் சொன்னார். எந்தப் பயில்வானுக்கும் இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. யால்மரி நெஸ்தோரியின் முதுகில் ஒரு உள்ளங்கையை வைத்து, சந்தையில் மாடு பார்க்கிறவர்போல நின்றார்.

"யால்மரி! கறக்கப் போறியா, விக்கப் போறியா?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. சாய்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நெஸ்தோரியைப் பார்த்தாள். நாலு காலில் நின்றபடியே அவரும் அவளைப் பார்த்தார். ஐரோப்பாவின் வெற்றியாளர், தன் சொந்த ஊரில், மாடுபோல நின்றுகொண்டு, விழமுடியாமல் தவித்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

இருபது நிமிஷம் முடிந்து மணியடித்தேன். நடுவர் வெகுநேரம் புத்தகத்தைப் படித்தார். பிறகு அறிவித்தார்: இருவரும் குஸ்தி போடவில்லை. ஆகவே முதல் இடம் இருவருக்கும் இல்லை. அது அடுத்த ஆளான கொல்லன் ஆர்விக்கு. நெஸ்தோரியும் யால்மரியும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள்.

ஆர்வியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவன் வெளியே தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தான். நிலைக் கடிகாரத்தின் பக்கத்தில் அவனை நிறுத்தியபோது ஈசாக்கி துர்யா அழுதேவிட்டார். பிறகு இரண்டாம் பரிசு. ஒரே ஒரு ஸ்பூன். காம்பில் பார்லிக் கதிர். நெஸ்தோரி ஒரு முனையையும் யால்மரி மறுமுனையையும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். யார் கையை விடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படியே சவுனாவுக்குப் போனார்கள்.

நானும் போனேன். மேல் பலகையில் இருவரும், கீழ்ப் பலகையில் நான். ஸ்பூன் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. யால்மரி அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்தது. வழக்கமான அளவு மௌனம் ஆனது. அதற்கு மேலும் ஆனது.

"ஆறு வருஷமா உன்னை ஜெயிக்கணும்னு வெந்துட்டிருக்கேன்" என்றார் யால்மரி கடைசியில். "நீ இன்னிக்குப் படுத்துக் காட்டற. என்னை என்னன்னு நினைச்ச?"

நெஸ்தோரி சவுனா வழக்கப்படி பிர்ச் மரத்தின் இலைக் கட்டால் முதுகில் இரண்டு தடவை அடித்துக்கொண்டார்.

"ஸ்பூன் வேணும்" என்றார்.

"என்ன?"

"ஒரு ஸ்பூன் வேணும் எனக்கு." அந்த நாலு வார்த்தைக்கு ஹங்கேரிக்காரனைத் தூக்கினதைவிட அதிகமாக வியர்த்திருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: அம்மா, பன்னிரண்டு, பதினொன்று, கனடா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

யால்மரி கல்லில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

"எங்க வீட்ல முப்பத்தோரு ஸ்பூன் இருக்கு" என்றார். "பொண்டாட்டி அதால வெங்காய நாத்து நடறா. இன்னொரு ஸ்பூனோட வந்தா கதவைத் தாழ் போடறேன்னு சொல்லித்தான் அனுப்பினா. ஒரு கடிகாரம் ஜெயிச்சுட்டு வான்னா. வீட்ல கடிகாரமே இல்ல. சேவல் செத்ததுலேருந்து நேரம் தெரியாம பால் பண்ணைக்கு லேட்டாப் போறேன்."

"எங்கிட்ட ஏழு இருக்கு" என்றார் நெஸ்தோரி.

"தெரியும். பேப்பர்ல வந்துச்சு."

"ஆறு வருஷமா இந்தப் பலகையில உக்காந்திருக்கமே. சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலயே?"

"நீயும்தான்."

யால்மரி ஜன்னல் விளிம்பிலிருந்த ஸ்பூனை எடுத்தார். சூட்டில் கை சுட்டு, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, வாளித் தண்ணீரில் போட்டார். "எடுத்துக்க" என்றார். நெஸ்தோரி வாயைத் திறந்தார். "வேண்டாம்னு சொன்ன, இப்பவே இங்கயே தோளைப் பதிச்சுடுவேன்" என்றார் யால்மரி. நெஸ்தோரி வாயை மூடினார். இரண்டு மறுப்பும் இல்லாமல் ஒரு பொருள் கைமாறியதை எங்கள் மாவட்டத்தில் பார்த்த சாட்சி நான்தான்.

அன்றைக்கே யால்மரியின் வண்டியில் மூன்று கடிகாரங்கள் ஏறின. ஒன்றுதான் கேட்டார், மீதி இரண்டை நெஸ்தோரி வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. நெஸ்தோரி பன்னிரண்டு ஸ்பூன்களையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, அம்மாவின் மேஜையில் வரிசையாக வைத்தார். அம்மா கடைசி ஸ்பூனை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாய்மா அடுப்புப் பக்கம் நின்றாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நெஸ்தோரிக்கு முதல் நாள் திறந்த வாய் இன்னும் சரியாக மூடவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அது நான் குஸ்தி போட்டு வாங்கினது இல்ல. போடாம வாங்கினது. வேணும்னேதான் விழப் பாத்தேன். பாதி யால்மரியோடது, அவன் குடுத்துட்டான்."

நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். மரக்கட்டையை மிதித்த மாதிரி இருந்தது. சாய்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கண்ணு இல்லன்னு நினைச்சியா? இருபது நிமிஷமும் முன் வரிசையிலதான் உக்காந்திருந்தேன்."

"ஆமாம் அத்தை."

"ஆறு வருஷமா ஊர்ல உன்னைப் பத்தி ஒரே பேச்சு. அவனைத் தூக்கினான், இவனைத் தூக்கினான். எனக்கு அதுதான் பயம். ஜெயிக்க மட்டும் தெரிஞ்சவன் இந்த வீட்டுப் பொண்ணைக் கட்டிட்டு எப்படி ஒரு வாரம் ஓட்டுவான்? தோக்கத் தெரியணும்ப்பா. உங்க மாமா அதுல சாம்பியன்." அம்மா ஸ்பூன்களை ஒவ்வொன்றாகக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தாள். "நேத்து ஊரே சிரிச்சுது. நீ எந்திரிச்சுப் போகல. நாலு கால்ல நின்ன. ஒழுங்கா விழத் தெரியல, அது வேற விஷயம். சாய்மா சொல்லிக் குடுப்பா."

சாய்மா கண்ணைத் திறந்தாள். ஏலக்காய் ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள். மிகவும் தடிமனாக வெட்டினாள்.

"கல்யாணம் எப்ப வெச்சுக்கலாம் அத்தை?" என்றார் நெஸ்தோரி.

அம்மாவின் கையில் காபிக் கூஜா அப்படியே நின்றது. அவள் மேஜையில் உட்கார்ந்து ஒரு மனிதர் இவ்வளவு நேராகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. வேறு யாராக இருந்தாலும் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள்.

"கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாணத்தை அறிவிக்கணும்" என்றாள் சாய்மா அவளை முந்திக்கொண்டு. "மூணு முடிஞ்சதும் வர்ற சனிக்கிழமை."

நெஸ்தோரி விரல்விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது. "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு ஓஸ்லோவுல குஸ்தி."

"ரயில் இல்லையா?"

"உண்டு. ஆனா சாயங்கால ரயிலைத் தவறவிட்டா சனிக்கிழமைக்கு வந்து சேர முடியாது. கப்பலும் இருக்கு நடுவுல."

"முதல் பரிசு என்ன?"

"தெரியல."

"என்னவா இருந்தா என்ன" என்றாள் சாய்மா, ரொட்டித் தட்டை அவர் முன்னால் வைத்து. "இனிமே எதை வேணாலும் ஜெயிச்சுக்கோ. ஆனா சீக்கிரமா ஜெயிச்சுட்டு அந்த ரயிலைப் பிடி."

ஓஸ்லோ ஃபைனல் முப்பத்தெட்டு விநாடியில் முடிந்தது. இன்னும் சீக்கிரம் முடித்திருப்பாராம். எதிரில் நின்ற நார்வேக்காரர் முதலில் கை குலுக்கியாகவேண்டும் என்று சொல்லி நேரத்தை வீணாக்கிவிட்டாராம்.